வயல் மீனும் மறைந்த பகையும்

தாய்லாந்து நாட்டின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்பது பெயர். வடகிழக்குத் திசையைக் குறிக்கும் ஈசானம் என்னும் வடசொல்லே அப்பெயருக்கு மூலமாகும். வடகிழக்கு மூலையை ஈசானிய மூலை என வழங்கும் தமிழ் மக்களுக்கு அப்பெயர் முற்றிலும் புதியதாகத் தோன்றாது. அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்பகுதியில் அடங்கும். வடக்கிலும் கிழக்கிலும் மேகாங் என்னும் பேராறு அதற்கு எல்லையாக ஓடுகின்றது. சீ, மூன் என்னும் இரண்டு ஆறுகள் அதன் ஊடே பாய்ந்து, ஒன்றாகக் கூடி, இறுதியில் மேகாங் ஆற்றில் கலக்கின்றன.

ஈசான் ஒரு மேட்டுநிலம். அதன் மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. கோடையில் வயல்கள் வெடித்துக் கிடக்கும். குளங்கள் வற்றிச் சேறாகும். மே மாதத்தில் மழை தொடங்கியதும் அந்நிலத்தின் தோற்றமே மாறிவிடும். தாழ்ந்த இடங்களில் ஆறும் குளமும் வயலும் ஒரே நீர்ப்பரப்பாகத் தோன்றும். ஒடுங்கிக் கிடந்த சிறு மீன்கள் வரப்புகளைக் கடந்து வயல்களிற் பரவி இனம் பெருக்கும். ஆதலின் ஈசான் உழவனுக்கு அவனது வயல் இருவகை விளைவுகளைத் தருகின்றது. நெல்லுக்கு அவன் பல திங்கள் காத்திருக்க வேண்டும். மீனுக்கோ ஒரு வலையும் சிறிது பொறுமையுமே போதும். இறைச்சி வாங்கப் பொருளில்லாத ஏழைக் குடும்பங்களின் உடலை நெடுங்காலமாக வளர்த்து வந்த உணவு இந்த மீனேயாகும்.

நண்பகலில் ஏர் ஓய்ந்ததும், உழவர் வரப்பின்மேல் நிழல் தேடி அமர்வர். அப்பொழுதே பிடித்த சிறு மீன்களைத் தூய்மை செய்து, கத்தியால் பொடியாகக் கொத்துவர். அதனோடு எலுமிச்சைச் சாறு, மிளகாய், வறுத்துப் பொடித்த அரிசி, நறுமணத் தழைகள் ஆகியவற்றைக் கலப்பர். கோய் பிளா எனப்படும் உணவு இவ்வாறு அணியமாகும். இதற்கு அடுப்பு வேண்டா, விறகு வேண்டா, வேலையை விட்டு வீடு செல்லவும் வேண்டா. ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து, கையில் ஒட்டும் தன்மையுள்ள சோற்றைச் சிறு உருண்டைகளாக உருட்டி, அதிலே தோய்த்து உண்பர். பாட்டன் உண்டதும் தந்தை உண்டதும் அதுவே. அது வெறும் பசி தீர்க்கும் பண்டம் அன்று. உடன் உழைத்தாரை உறவாக்கும் விருந்தும் ஆகும்.

இத்துணை எளிய, இனிய உணவில் தீங்கு மறைந்திருக்கக் கூடும் என முற்காலத்தில் எவரும் ஐயுறவில்லை. ஆயினும் அவ்வூர்களில் ஒரு துயரம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்து வந்தது. ஐம்பது வயதை ஒட்டிய, வலிமையோடு உழைத்து வந்த ஒருவர் திடீரெனச் சோர்வுறுவார். அவருக்குப் பசி குன்றும், உடல் மெலியும், கண்ணும் தோலும் மஞ்சள் நிறம் பெறும், வயிறு வீங்கும். சில திங்களில் அவர் மறைந்துவிடுவார். சில ஆண்டுகள் கழித்து, அதே வீட்டில் மற்றொருவர் அவ்வாறே மறைவார். காரணம் அறியாதார் விதியின்மேற் பழியைப் போட்டனர். உண்மையான பகை விதியன்று. நெல்மணியளவே நீளமுள்ள ஒரு புழு.

அப்புழுவைக் கல்லீரல் தட்டைப்புழு என்பர். அது ஓர் ஒட்டுண்ணி. அஃதாவது, தானே உணவு தேடாமல் மற்றோர் உயிரின் உடலில் தங்கி, அதன் சாரத்தை உண்டு வாழ்வது. முழு வளர்ச்சி பெற்ற புழு 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீளமுடையது, இலைபோலத் தட்டையானது. கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு செல்லும் நுண்ணிய குழாய்களே அதன் உறைவிடம். அக்குழாய்களுக்குப் பித்தநாளங்கள் என்று பெயர். ஒருமுறை அங்கே குடியேறிய புழு பத்தாண்டுகளுக்கு மேலும் உயிர் வாழவல்லது.

இப்புழு முதன்முதலில் மனிதரிடம் காணப்படவில்லை. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து பாரிசு நகரத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட மீன்பிடிப் பூனை ஒன்றின் உடலில் இதனைப் புவாரியே என்னும் அறிஞர் கண்டு, 1886ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். தாய்லாந்து அக்காலத்தில் சயாம் என வழங்கிற்று. அந்நாட்டின் வடபகுதியிலுள்ள சியாங் மாய் நகரில் மனித உடலிலும் இப்புழு இருப்பது 1911ஆம் ஆண்டில் அறியப்பட்டது. ஆனால் அது மனித உடலை எவ்வழியாக அடைகின்றது, எங்கெங்குத் தங்கி வளர்கின்றது என்பனவற்றை முழுமையாக ஆராய்ந்து அறிய மேலும் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. தாய்லாந்தில் இப்புழுவின் வாழ்க்கை வரலாற்றை விரித்துரைத்த ஆராய்ச்சி 1965ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவ்வரலாறு வியப்பும் அச்சமும் ஒருங்கே தருவது. மனித உடலில் வாழும் புழு நாள்தோறும் எண்ணற்ற முட்டைகளை இடுகின்றது. ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கைவிடச் சிறியது. இம்முட்டைகள் பித்தநீரோடு குடலுக்கு வந்து, மலத்தோடு வெளியேறுகின்றன. திறந்தவெளியில் கழிக்கப்பட்ட மலம் மழைநீரால் அடித்துச் செல்லப்பட்டுக் குளத்தையும் வயலையும் அடையும்போது, முட்டைகளும் அங்கே போய்ச் சேர்கின்றன. அவை நீரிலே பொரிப்பதில்லை. வயற்சேற்றில் ஊர்ந்து திரியும் ஒருவகைச் சிறு நத்தை அவற்றைத் தன் உணவோடு சேர்த்து விழுங்க வேண்டும். அந்நத்தையின் வயிற்றிலேதான் முட்டை பொரிகின்றது.

நத்தையின் உடலுக்குள் நிகழ்வது இன்னும் வியப்பானது. பொரித்து வெளிவந்த ஓர் இளவுயிரி, சில வாரங்களில் பல படிகளாக உருமாறி, ஒன்று பலவாகப் பெருகுகின்றது. இறுதியில் வாலுடைய நுண்ணுயிரிகள் கூட்டங்கூட்டமாக நத்தையை விட்டு வெளியேறி நீரில் நீந்துகின்றன. அவற்றின் ஆயுள் ஓரிரு நாட்களே. அதற்குள் அவை கெண்டை இனத்தைச் சேர்ந்த ஒரு மீனை அடைய வேண்டும், இல்லையேல் மடியும். மீனைக் கண்ட நுண்ணுயிரி அதன் தோலைத் துளைத்து உட்புகும், வாலை உதிர்த்துவிடும், தசையிலோ செதிலின் அடியிலோ தன்னைச் சுற்றி ஒரு கூட்டை அமைத்துக்கொண்டு ஒடுங்கும். மீனோ நோயின்றித் துள்ளித் திரியும். கண்ணால் நோக்குவோர்க்கு நல்ல மீனுக்கும் புழுவுடைய மீனுக்கும் வேறுபாடு தோன்றாது.

அம்மீனை ஒருவர் வேகவைக்காமல் உண்பாராயின், சங்கிலி முழுமை பெறுகின்றது. அவரது சிறுகுடலில் கூடு கரைய, உள்ளிருந்த இளம்புழு வெளிப்பட்டு, பித்தநாளத்தின் வாய்வழியே மேலேறிக் கல்லீரலை அடைகின்றது. ஏறத்தாழ ஒரு திங்களில் அது முழு வளர்ச்சி பெற்று முட்டையிடத் தொடங்குகின்றது. மனிதர், நத்தை, மீன் என்னும் மூன்று கண்ணிகளால் ஆகிய சங்கிலி இது. மீனை உண்ணும் பூனையும் நாயும் மனிதர்க்குரிய இடத்தில் நின்று இச்சங்கிலிக்குத் துணை செய்தலும் உண்டு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். குளத்து நத்தைகளைப் பிடித்து ஆராய்ந்தால், பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றில்கூட இப்புழுவின் இளவுயிரி இருப்பதில்லை. அங்ஙனமாயின், மீன்களில் மட்டும் அது மிகுந்திருத்தல் எவ்வாறு? விடை எளிது. புழுவுடைய நத்தை ஒன்றே நாள்தோறும் நூற்றுக்கணக்கான நுண்ணுயிரிகளை நீரில் விடவல்லது. மழைக்காலத்து நீரில் அவை எங்கும் பரவுகின்றன. ஒரு மீனில் பல கூடுகள் சேர்கின்றன. நீரிலே சிறிதளவாகத் தொடங்கிய கேடு, தட்டிலே வரும்போது பெருகிவிடுகின்றது.

புழு உடலிற் புகுந்தவுடன் வலி தோன்றுவதில்லை. அதுவே இப்பகையின் பெருங்கொடுமை. சில புழுக்களே உள்ள ஒருவர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியார். ஆயினும் புழுக்கள் பித்தநாளத்தின் உட்சுவரைப் புண்படுத்திக்கொண்டே இருக்கும். உடல் அப்புண்ணை ஆற்ற முயலும், மீண்டும் புண்ணாகும். இருபது முப்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், சிலருக்கு அவ்விடத்தில் புற்றுநோய் தோன்றுகின்றது. பித்தநாளப் புற்றுநோய் எனப்படும் அது பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படும். அப்பொழுது அறுவை மருத்துவமும் பயன்படுவதரிது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1994ஆம் ஆண்டில், இப்புழுவை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கும் என உறுதிப்பட்டவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலைப் புகையும் அவ்வகுப்பிலேயே உள்ளது. உலகிலேயே இப்புற்றுநோய் மிகுதியாகக் காணப்படும் நிலப்பகுதி ஈசானேயாகும்.

இப்புழுவை நீக்கும் மருந்து இல்லையோ எனின், உண்டு. பிரசிக்குவாண்டல் என்னும் மருந்து 1970ஐ அடுத்த ஆண்டுகளில் செர்மனியில் உருவாக்கப்பட்டது. உடல் எடைக்கேற்ற அளவில் அதனை ஒரே வேளை உட்கொண்டாலே புழுக்கள் பெரும்பாலும் இறந்துவிடும். இம்மருந்து கிடைத்ததும், இனி இப்பகை ஒழிந்தது என்றே பலர் நம்பினர். ஆனால் நிகழ்ந்தது வேறு. மருந்துண்டு நலமடைந்தவர்களுள் பலர் வரப்பிற்குத் திரும்பி, மீண்டும் அதே உணவை உண்டனர். ஒருமுறை வந்தால் மறுமுறை வாராத நோயன்று இது. புழு மீண்டும் குடிபுகுந்தது. மருந்து இருக்கிறது என்னும் துணிவே சிலரைக் கவலையின்றி உண்ணச் செய்தது. புழு நீங்கிற்று, பழக்கம் நீங்கவில்லை.

பழக்கத்தோடு சில நம்பிக்கைகளும் சேர்ந்திருந்தன. எலுமிச்சைச் சாறு பட்ட மீன் வெளுத்து, வெந்தது போலத் தோன்றும். ஆதலின் சாறே புழுவைக் கொன்றுவிடும் எனக் கருதினர். மீனோடு மது அருந்தினால் புழு மடியும் எனக் கருதியவரும் உண்டு. ஆராய்ச்சி இவற்றைப் பொய்யென மெய்ப்பித்தது. சாறு மீனின் நிறத்தை மாற்றுமேயன்றி, கூட்டினுள் ஒடுங்கிய புழுவை உணவுவேளைக்குள் கொல்லாது. ஓரிரு நாள் மட்டும் புளிக்கவைத்த மீனிலும் புழு பிழைத்திருக்கும். நிறைய உப்பிட்டுப் பல திங்கள் ஊறவைத்த மீனில் அது பெரும்பாலும் மடிந்துவிடும். எல்லாவற்றினும் உறுதியான காவல் நெருப்பே. நன்றாகக் கொதித்து வெந்த மீனில் இப்புழு உயிர் வாழாது.

இவ்வுண்மையை ஊர்தோறும் எடுத்துச் சென்றவர்களுள் ஒருவர் நரோங் குந்திகேயோ என்னும் மருத்துவர். ஈசான் பகுதியில் உள்ள கோன் கேன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவர் கல்லீரல் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தார். அவருடைய தாயும் தந்தையும் கல்லீரலைப் பற்றிய இப்புற்றுநோயாலேயே உயிர் நீத்தவர்கள். அறுவை மேசையில் தாம் காண்பவர்களுள் மிகப் பலர் காலங்கடந்து வந்தவர்களாக இருப்பதை அவர் உணர்ந்தார். நோயாளர் வரும்வரை காத்திராமல் தாமே அவர்களிடம் செல்லுதல் வேண்டும் எனத் துணிந்தார். 2013ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்தின் வழியாக, அவரும் உடன் பணிபுரிந்தோரும் ஒலியலைக் கருவிகளைச் சிற்றூர்களுக்கு எடுத்துச் சென்றனர். உடலை அறுக்காமலே கல்லீரலின் நிலையைக் கண்டறிந்து, நோய் முற்றுமுன் மருத்துவம் செய்ய வழி வகுத்தனர். முதியோர் சிலர் பழக்கத்தை விட எளிதில் இணங்கவில்லை. ஆதலின் இளைஞர்களும் பள்ளிச் சிறுவர்களும் இவ்வுண்மையை அறிதல் இன்றியமையாதது என அவர் வற்புறுத்தினார்.

கோன் கேன் நகருக்குத் தெற்கே லாவா என்னும் ஏரி ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்த ஊர்களில் இப்புழு மிகுதியாகப் பரவியிருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பஞ்சோப் சிரிபாவும் அவருடைய குழுவினரும் இவ்வூர்களைத் தம் பணிக்களமாகக் கொண்டனர். மருந்து கொடுப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அவ்வூர்களைச் சேர்ந்த நலத்தொண்டர்களைப் பயிற்றுவித்து, வீடுவீடாகச் சென்று விளக்கச் செய்தனர். பள்ளிகளில் புழுவின் வாழ்க்கையைப் பாடமாக்கினர். பள்ளியிற் கற்றதைச் சிறுவர் தம் வீட்டாருக்கு எடுத்துரைத்தனர். ஏரியின் நத்தைகளையும் மீன்களையும் இடையறாது ஆராய்ந்து வந்தனர்.

இப்பணியின் பயன்கள் 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. மிகுதியாக இருந்த நோய் பெரிதும் குறைந்திருந்தது. அதனினும் வியப்பான செய்தி ஏரியிலிருந்து வந்தது. தொடக்கத்தில் எழுபது விழுக்காடு வரை புழுவுடையனவாக இருந்த மீன்களில், பின்னர் நூற்றுக்கு ஒன்றுகூட அவ்வாறு இல்லை. புழுவுடைய நத்தை ஒன்றேனும் அகப்படவில்லை. நத்தைகள் அழிந்துபோகவில்லை, மீன்களும் குறையவில்லை, அவற்றுள் தங்கியிருந்த பகைதான் தங்க இடமின்றி ஒழிந்தது. மனிதர் உடலில் புழு குறைந்தது. ஆகவே நீரில் முட்டை குறைந்தது. முட்டை குறையவே நத்தை தூய்மையுற்றது. நத்தை தூய்மையுறவே மீனும் தூய்மையுற்றது. மனிதர் தம்மைத் திருத்திக்கொள்ள, ஏரி தானே திருந்திற்று.

ஆயினும் ஈசான் நாட்டில் இப்பகை முற்றும் ஒழிந்துவிடவில்லை. அந்நாட்டிலும் அண்டை நாடான லாவோசிலும் பல ஊர்களில் இன்னும் இப்புழு வாழ்கின்றது. ஆனால் அதனை வெல்லும் வழி தெளிவாகிவிட்டது. சங்கிலியின் மூன்று கண்ணிகளுள் நத்தை அறிவுரை கேளாது; மீன் தன்னைக் காத்துக்கொள்ளாது. சிந்திக்கவும் திருந்தவும் வல்ல கண்ணி மனிதர் ஒருவரே. மலத்தை நீரிற் கலவாமல் காப்பதும், மீனை நெருப்பில் வேகவைத்து உண்பதும் அவர் கையில் உள்ளவை. ஒன்று நீருக்குச் செல்லும் வழியை அடைக்கும். மற்றொன்று நீரிலிருந்து வரும் வழியை அடைக்கும்.

இவ்வழியில் ஈசான் மக்கள் தம் விருந்தை இழக்க வேண்டுவதில்லை. அதே மீன், அதே எலுமிச்சை, அதே மிளகாய், அதே வறுத்த அரிசிப் பொடி, அதே தழைகள்; கொத்திய மீனைச் சிறிது நேரம் அடுப்பில் ஏற்றி வேகவைத்தல் ஒன்றே வேறுபாடு. விறகும் நேரமும் அரியனவாக இருந்த காலத்தில், உழைப்பாளர் தம் பசிக்கு அணியதான வழியைக் கண்டனர். அதனை இகழ்தல் தகாது. புழுவின் வழியை அறிந்த பின்னும் பழைய வழியிலேயே செல்லுதல்தான் தகாது. முன்னோரை மதித்தலாவது அவர்கள் உண்ட தட்டைச் சுற்றி அன்போடு அமர்தலாகும். அவர்கள் அறியாமல் உற்ற நோயையும் அவர்களோடு பகிர்ந்துகொள்ளுதல் அன்று. வரப்போரத்தில் ஒரு சிறு அடுப்பு மூட்டப்படுமாயின், அவ்விருந்து என்றும் நிலைத்திருக்கும். அதனைச் சுற்றி அமர்ந்தவர்களும் நெடுநாள் வாழ்வர்.